துரை விட்டுப்போன பிரசு

மரவள்ளி மாவைக் கொதிநீரில் கரைத்துக் கிளறும்போது முதலில் ஒரு வாசமும் இருக்காது, வெறும் வெள்ளைத் தண்ணீர்தான். கை ஓயும் நேரத்தில் அது சட்டென்று கெட்டிப்பட்டு, கண்ணாடிபோலத் தெளிந்து, பாதி சோறும் பாதி ஈர மண்ணும் கலந்த ஒரு வாசத்தை முகத்தில் அடிக்கும். இரண்டு நாள் வைத்திருந்தால் புளித்துவிடும், அந்தப் புளிப்பு நகக்கண்ணில் ஏறிக்கொண்டு எத்தனை முறை கழுவினாலும் இறங்காது. இத்தனை வயதுக்குப் பிறகும் எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. ஊறியதை விழுங்குவதற்குள் வயிறு புரள்கிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு, சொல்கிறேன்.

ஜொகூரில், பாலோவுக்கு மூன்று "கட்டை", அதாவது மூன்று மைல், தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கூலி ஆட்களின் வரிசை வீடான எங்கள் லயம் இருந்தது. ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு எட்டு வயது, தங்கை செல்லத்துக்கு மூன்று. அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையில் கோடு கிழித்து ரப்பர்ப் பால் எடுத்தார், அம்மாவும் வெட்டினாள். என்னிடம் ஒரு படப் புத்தகம் இருந்தது. புத்தகம் என்றால் கடையில் வாங்கியதல்ல. ஆட்களின் வருகையைக் குறித்து வைக்கும் "செக்குரோல்" ஒன்று பாதி எழுதிய நிலையில் குப்பைக்குப் போனதை அப்பா எடுத்து வந்து கொடுத்தார். அதில் வரிசையாக ஆட்களின் பேரும் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகளும் இருந்தன. அந்தப் பேர்களின் மேல் நான் படங்களை ஒட்டினேன். பால் டின்னைச் சுற்றியிருக்கும் காகிதத்திலிருந்து மாடு, சார்டின் டின்னிலிருந்து மீன், பிஸ்கட் பெட்டியிலிருந்து தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிறுமி, ஊதுபத்திக் கட்டிலிருந்து சரஸ்வதி. லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் புத்தகத்தின்மேல் கண், எனக்கோ அதைக் காட்டிக் காட்டி அவர்களை ஏங்கவைப்பதில் ஒரு ருசி. நான் நல்ல பிள்ளை என்று யாரும் அந்தக் காலத்தில் சொன்னதில்லை.

படம் சேர்ப்பது சுலபம், ஒட்டுவதுதான் பாடு. விரலால் தடவினால் பசை கட்டிகட்டியாக நின்று, காய்ந்தபின் சரஸ்வதிக்கு முகமெல்லாம் அம்மை போட்டதுபோலத் தெரியும். கோழி இறகு வளைந்துகொண்டு நழுவும். தேங்காய் நார் காகிதத்தைக் கீறிவிடும். தாழை விழுதின் நுனியை நசுக்கி ஒரு தூரிகை செய்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அது போதும், பால் டின் மாட்டுக்கு அது யானைக்கால். மரத்தின் பாலையே எடுத்துத் தடவியும் பார்த்தேன். ஒட்டு என்னவோ விடவே விடாது, ஆனால் நான்கு நாளில் காகிதம் பழுப்பாகி, நாற்றம் எடுத்து, மீனைப் பார்த்தால் நிஜமாகவே செத்த மீனாகத் தெரிந்தது. எனக்கென்று ஒரு நல்ல தூரிகை, எங்கள் பேச்சில் பிரசு, வேண்டும் என்று அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய மறுநாள் காலையில் தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. "எரியிற வீட்ல புடுங்குனது லாபம்" என்று ஆட்களை மேய்க்கும் மண்டோர் தலைமேல் ஒரு நாற்காலியைச் சுமந்துகொண்டு போனதை நான் பார்த்தேன். பெரியவர்கள் அரிசி, டின் சாமான், திரைச்சீலை, மெத்தை என்று வாரிக்கொண்டு போனபின், நான் குளியலறையில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்த ஒரு பொருளைக் கண்டேன். உள்ளங்கையில் அடங்கும் கட்டையான பிடி, தந்த நிறம். அதன் தலையில் சாம்பலும் கறுப்புமாக அடர்ந்த மயிர், கன்னத்தில் தேய்த்தால் பூனைக்குட்டி. வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் கிடைத்த பொருள் ஒன்று எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே அஞ்சல, ஊரே அரிசி மூட்டையத் தூக்குது, நீ தொரை தாடிக்கு நொரை போட்ட பிரசத் தூக்கிட்டு வந்திருக்க" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் மழிக்கிற சாமான் வீட்டுக்குள் வந்தால் தீட்டு என்பது அவள் கணக்கு; தோட்டத்து நாவிதர் வந்துபோனால்கூட வாசலில் தண்ணீர் தெளிப்பவள். "மயிரு வழிக்கிற சாமானு, அதுவும் மாடு திங்கிற வெள்ளக்காரனோடது. உள்ள கொண்டாராத. வெளியிலயே சொருகி வையி, அதத் தொட்ட கையோட அடுப்புகிட்ட வந்தா கைய ஒடிச்சுடுவேன்" என்றாள். அப்பா தாழ்வாரத்து உத்தரத்தில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். பிரசு அங்கே தொங்கியது, பசை டின்னும் அதன் பக்கத்தில் உத்தரத்தின்மேலேயே இருந்தது. நான் முக்காலியில் ஏறித்தான் எடுப்பேன். ஒருமுறை காற்றில் அது விழுந்து அம்மாவின் காலில் பட்டுவிட, அவள் அந்த மழையிலும் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசை என் வழிக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாதம் ஆனது. மயிர் உருண்டையாகப் பொங்கி நின்றதால் பசை ஓரத்தில் வழிந்தது. அப்பாவின் பால்வெட்டுக் கத்தியால் அதை இருபுறமும் சீவித் தட்டையாக்கினேன், பிறகு நுனியைச் சாய்வாக வெட்டினேன், மாட்டின் கொம்பு முனைவரை பசை போகும்படி. பிடி ஈரக்கையில் வழுக்கியது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிடியை மட்டும், மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலில் முக்கி, நிழலில் காயவைத்து, மறுபடி முக்கி, இப்படிப் பதினைந்து தடவை செய்தால் அதற்கு ஒரு ரப்பர்ச் சட்டை ஆகிவிடும். கடைசி முக்கல் காய்வதற்குள் எலுமிச்சை முள்ளால் என் பேரின் முதல் எழுத்தைக் கீறினேன். "அ" அதில் அழுத்தமாக உட்கார்ந்தது. அம்மாவின் பழைய சேலையிலிருந்து சிவப்பு நூலை உருவித் தொங்கவிட வளையமும் கட்டினேன். அதை யார் தொட்டாலும் எனக்குக் கண் சிவக்கும். செல்லம் ஒருமுறை அதை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள் என்பதற்காகத் தொடையில் கிள்ளி இரத்தம் கட்டவைத்தேன்.

அடுத்த வருஷம் அப்பாவின் பேரைச் சயாமுக்குப் போகும் ஆட்களில் எழுதினார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதம், திரும்பி வரும்போது அரிசி தருவார்கள் என்றார்கள். பாலோ ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஒருநாள் எனக்கு அப்பாவின் பேரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. செக்குரோலில் அவர் பேர் இருந்த இடம் எனக்குத் தெரியும், அதன்மேல்தான் பால் டின் மாட்டை ஒட்டியிருந்தேன். நகத்தால் மெதுவாகப் பிரித்தேன். ஒட்டு அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது, மாட்டோடு சேர்ந்து அப்பாவின் பேரும் உரிந்து வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பள்ளம்தான் மிஞ்சியது. அன்றைக்கும் எனக்குப் பெருமைதான் முதலில் வந்தது, என் பசை இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதே என்று. அழுகை பிறகுதான் வந்தது.

பசி என்றால் என்னவென்று அதற்குமேல்தான் எங்களுக்குத் தெரிந்தது. மெர்சிங்கிலிருந்து வரும் கருவாடு நின்றது, அரிசி நின்றது, உப்புக்கூட நின்றது. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டார்கள், தோண்டிய கிழங்கு லாரியில் போனது, எங்களுக்கு ஆளுக்கு இத்தனை என்று அளந்ததுதான். அம்மா அதை வேகவைத்து எனக்கும் செல்லத்துக்கும் பிட்டு வைத்துவிட்டு, "நான் காட்டுலயே தின்னுட்டேன்" என்பாள். நாங்கள் நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அப்போது தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் ஆபீசில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி. மெலிந்த மனிதர், எந்நேரமும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பார். காகிதத்துக்குப் பஞ்சம், அதனால் பழைய உறைகளைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மறுபடி ஒட்டித் தரச்சொல்லி ஜப்பான்காரன் உத்தரவு. என்னிடம் பிரசும் ஒட்டும் கையும் இருப்பதை அறிந்து கிராணி என்னைக் கூப்பிட்டார். வாரத்துக்கு ஒரு சிகரெட் டின் நிறைய மரவள்ளி மாவு, கூடவே காகிதத்தில் மடித்த நான்கு துருசுக் கட்டிகள், அதாவது மயில்துத்தம், மயில் கழுத்து நிறத்தில். "பிள்ளை, இந்த மா ஒட்டுறதுக்கு, தின்னுறதுக்கில்லை. துருசு போட்டுக் காய்ச்சு, பூச்சியும் அரிக்காது, ஒருத்தரும் வாயிலையும் வைக்காயினம். நாய் நக்கினாலும் கக்கிப் போடும், விளங்குதோ?" என்றார். கூலியாக ஒரு கைப்பிடி கல்லுப்பு. உப்பைக் கண்டு அம்மா அழுதாள்.

துருசை நான் போடவில்லை. போட்டால் பசை நீலமாகி என் படங்களில் கறை ஏறும். வாரக் கடைசியில் மிஞ்சும் பசை எனக்குத்தானே. அம்மாவும் வேண்டாம் என்றாள். "சின்னப்புள்ள இருக்கிற வீடு, அந்த வெசம் எதுக்கு?" என்றாள். அதை அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மிஞ்சிய பசையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பி, காலில் புண்ணோடு உட்கார்ந்திருந்த தங்கை பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பசையைத் தடவிச் சார்டின் மீனை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு வாய் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஆபீஸ் மாவு, அவ்வளவுதான்.

பிறகு பசை குறைய ஆரம்பித்தது. நான் டின்னில் விட்ட அளவுக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கும், ஆனால் மேற்பரப்பு பிரசால் தடவிச் சமன்செய்ததுபோல் வழவழவென்று இருக்கும். கள்ளத்தனம் தெரிந்த திருடி என்று நினைத்துக்கொண்டேன். யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர். அம்மா அந்தப் பிரசு காலில் பட்டதற்கே தலைமுழுகியவள், அது கிளறிய பசையை அவள் வாயில் வைப்பாள் என்று கடவுளே வந்து சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். மிச்சம் செல்லம். ஐந்து வயதுப் பிள்ளை முக்காலியில் ஏறி நின்றாலும் உத்தரத்தை எட்டமாட்டாள் என்பதை நான் யோசிக்கவில்லை. கோபக்காரனுக்குக் கண் தெரியாது என்பார்கள், எனக்கு அளவுகோலும் தெரியாமல் போயிற்று. குறைந்ததை ஈடுகட்ட நான் பசையில் தண்ணீர் விட்டேன்.

தண்ணீர்ப் பசை எத்தனை நாள் பிடிக்கும்? குளுவாங் பட்டணத்து ஆபீசில் ஜப்பான்காரன் கையில் ஓர் உறை மூட்டு விட்டுப் பிளந்து உள்ளே இருந்த காகிதங்கள் சேற்றில் விழுந்தன. அவன் கிராணியை வரவழைத்து எல்லார் முன்னாலும் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தான். கிராணி கன்னம் வீங்கித் தோட்டத்துக்குத் திரும்பியதும் நேரே எங்கள் லயத்துக்கு வந்தார், அதேபோல, அதே எண்ணிக்கையில், என்னை அறைந்தார். "மாவைத் திண்டு போட்டுத் தண்ணி ஊத்துறியோ? இன்னொருக்கா ஒரு உறை விட்டுதெண்டால் உன்ர கொம்மாவின்ர பேரைச் சயாமுக்கு எழுதிப் போடுவன்" என்றார். பொய் மிரட்டல் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் பெண்களையும் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள்.

அவர் போனதும் நான் செல்லத்தைப் பிடித்தேன். "அடியாத மாடு படியாது" என்று லயத்தில் யார்தான் சொல்லவில்லை? பிரசைத் திருப்பிப் பிடித்து, நான் பதினைந்து முறை பாலில் முக்கிச் செய்த அந்தப் பிடியாலேயே அடித்தேன். முட்டியில், முதுகில், காலில் புண் இருந்த இடத்தில். "சொல்லு, தின்னியா? சொல்லு." அவள் முதலில் இல்லை இல்லை என்றாள். அப்புறம், "நாந்தாக்கா தின்னேன், நாந்தான், அடிக்காதக்கா" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பிரசைப் பிடுங்கி எறிவாள், என்னை இழுத்து நாலு வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செல்லத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு செல்லத்திடம், "இனிமே தொடாத புள்ள. அது ஆபீசு மாவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாக்கியத்தை என் தாய் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜப்பான்காரனை மன்னித்தாலும் மன்னிப்பேன், அவனுக்கு நாங்கள் யாரோ. இதை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

அடித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி குறைந்தால் அம்மா சயாமுக்குப் போவாள். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும், செல்லத்துக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே மருந்து காகிதத்தில் மடித்துக் கூரைச் செத்தையில் சேர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாறு வாரத்துத் துருசு. ஒரு கட்டி போட்டாலே நாய் கக்கும் என்றார் கிராணி. நான் மூன்று கட்டியைக் கல்லில் நுணுக்கிப் போட்டேன். சாகாது, கக்கும், அவ்வளவுதானே. கக்கட்டும் என்று நினைத்தேன். பசை வெளுத்த வானத்தின் நிறத்துக்கு வந்தது. அழகாகத்தான் இருந்தது. பிரசால் மேலே சமன்செய்து டின்னை உத்தரத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் விழித்துச் செல்லத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ரப்பர் விதைகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்கவில்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. சூரியன் மரத்துக்கு மேலே வரும்போது, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்து இரண்டு பெண்கள் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா பெரட்டுக்குக் கிளம்புவது இருட்டு பிரியுமுன். அந்த இருட்டில் நிறம் தெரியாது. அவளது சேலை முந்தானையெல்லாம் நீலம், உதட்டோரத்தில் நீலம். பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா, "வாந்திபேதியா இருக்குமோ?" என்று பயந்து பின்வாங்கினாள். அம்மா தலையை ஆட்டினாள். "பச்சக் கெழங்கக் கடிச்சுட்டேன் காத்தாயி. கசப்புக் கெழங்கு. பேதி இல்ல" என்றாள். வாந்திபேதி என்று கேள்விப்பட்டால் ஜப்பான்காரன் லயத்தையே கொளுத்துவான். காத்தாயி அக்கா எங்கேயோ தேடி ஓர் இளநீர் கொண்டுவந்தாள். வேறு மருந்து யாரிடமும் இல்லை.

நான் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டின்னை எடுத்துப் பார்த்தேன், இரண்டு விரற்கடை குறைந்திருந்தது, மேலே வழவழவென்று தடவியிருந்தது. அந்தத் தடவலை, அந்தக் கையின் சாய்வை, இப்போதுதான் அடையாளம் தெரிந்தது. அம்மா மண்தரைக்குச் சாணி மெழுகும்போது இழுக்கிற இழுப்பு அது. எத்தனை விடிகாலையில், எத்தனை அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவள் அந்த மயிர்ச் சாமானைத் தொட்டிருப்பாள்? பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று அவளே அடிக்கடி சொல்வாள். அந்தப் பத்தில் தன் சின்ன மகளும் ஒன்று என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

மூன்று நாள் அம்மா எழவில்லை. தண்ணீர் கொடுத்தால் அதையும் கக்கினாள். மூன்று நாளும் பசை குறையவே இல்லை. செல்லம் தன் பங்குக் கிழங்கைக் கையில் மசித்து அம்மா வாயில் வைக்கப் பார்த்தாள், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிள்ளை பயந்துபோய், "நான் இனிமே பசை திங்கமாட்டேம்மா" என்றாள். அம்மா இறந்துவிடுவாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு சாமியிடமும் ஒவ்வொரு பொய்யைச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். செல்லத்தைக் காத்தாயி அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னிடம், "அந்தப் பிரச எடுத்தா" என்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். கொண்டுவந்து நீட்டினேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சொம்புத் தண்ணீரை ஊற்றி, மயிரின் அடிவேரில் காய்ந்து நின்ற நீலத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள், குழந்தைக்குத் தலை அலசுகிற மாதிரி நிதானமாக. பிடியில் இருந்த "அ"வைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்து, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்குத் துருசு போடாம காய்ச்சு."

"சரிம்மா" என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் பேசியது, அன்றைக்கும் பிறகு எப்போதும். மறுநாளிலிருந்து நான் துருசு போடாமல் காய்ச்சினேன், ஒரு கல் உப்பும் போட்டேன். டின்னை உத்தரத்தில் வைக்காமல் கீழே வைத்தேன். உறைகளை ஒட்ட, வெட்டப்படாமல் விட்டுவைத்த மேட்டுக்காட்டு மரங்களில் திருட்டுத்தனமாகக் கோடு கிழித்துப் பால் எடுத்தேன். பிடிபட்டிருந்தால் கையை வெட்டியிருப்பார்கள். பால் ஒட்டு விடவே விடாது, முன்பே சொன்னேனே. முதல் உறைக்கட்டை வாங்கிய கிராணி ஓர் உறையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார், மாவு வாசமில்லை, ரப்பர்ப் பால் வாசம். என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லாய்ப் பிடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கம்போல மாவை அளந்து கொடுத்தார். அந்த மனிதரை நான் வெறுக்க நினைக்கும் போதெல்லாம் இது குறுக்கே வரும். படப் புத்தகத்தில் அதற்குப்பின் ஒரு படம்கூட நான் ஒட்டவில்லை.

அந்த வழியில் அம்மா பிழைத்தாள். அப்பா வரவில்லை. அம்மா அதன்பின் ரொம்ப நாள் இருந்தாள், எங்கள் இருவருக்கும் கல்யாணம் செய்தாள், பேரன் பேத்தி எடுத்தாள், படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு வருஷமும் செல்லத்தின் வீட்டில்தான் இருந்தாள். செல்லம்தான் கஞ்சி புகட்டினாள். சொல்லிவிட்டுப் போவாள் என்று நான் ஒவ்வொரு முறை போகும்போதும் காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. புத்தகத்தைக் கரையான் தின்றது. பிரசு எங்கே போனது என்று தெரியாது; கடைசியாகப் பார்த்தபோது மயிர் கொட்டி, ரப்பர்ச் சட்டை கல்லாக இறுகி வெடித்துக் கிடந்தது. துருசு வேண்டுமென்றால் எந்தக் கடையில் கேட்பது என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை.

போன பள்ளி விடுமுறையில் கெலாங் பாத்தாவில் செல்லத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்தி தரையெல்லாம் படங்களைப் பரப்பிப் பெரிய புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் சின்னச் சக்கரம் வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி, இழுத்தால் பசை நாடாவாக விழுகிறது, கையில் ஒட்டுவதில்லை, வாசமில்லை. அதன்மேல் மினுக்குப் பொட்டுகளால் தன் பேரை ஒட்டி அலங்கரித்திருந்தாள். செல்லம் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங்க அக்காகிட்டயும் இப்படி ஒன்னு இருந்துச்சு. நான் ஒரு பசைத் திருடிலா! ஜப்பான்காரன் காலத்துல அக்கா காய்ச்சி வைக்கிற பசைய விரலால வழிச்சு வழிச்சுத் தின்னுடுவேன். புளிப்பா, நல்லா இருக்கும். அக்கா பிச்சு எடுத்துருச்சு. தப்பு என்மேலதான, அது ஆபீசு மாவு" என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் இந்தக் கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறாள், ஒவ்வொரு முறையும் ருசி கூடிக்கொண்டே போகிறது. நானும் கூடவே சிரித்தேன். எழுபது வருஷத்துக்கு மேலாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா, நீ சொல்லாமல் போனதை நான் சொல்லிவிட்டேன், கோபித்தால் கோபித்துக்கொள். செல்லம், உனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் பள்ளிக்கூடம் இல்லை, இதை உன் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல். நீ திருடவில்லை. எட்டாத உயரத்தில் இருந்த அந்த டின்னை நீ ஒருநாளும் தொட்டதில்லை. அந்தப் பசை புளிப்பா இனிப்பா என்று உனக்குத் தெரியவே தெரியாது.